முடித்த புத்தகத்துக்கும் அடுத்த புத்தகத்துக்கும் நடுவில்

கோடை விடுமுறை நெருங்கியதும் எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏழாவது போற பையனுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?" ஆசிரியரிடம் கேட்பார்கள், நூலகரிடம் கேட்பார்கள், வாட்ஸாப் குழுவில் போட்டுக் கேட்பார்கள். பதிலும் மளமளவென்று வந்து விழும். பத்துப் புத்தகம், இருபத்தைந்து புத்தகம், வயதுவாரியாக, வகைவாரியாக. இந்தப் பட்டியல்களில் பலவும் நல்ல பட்டியல்கள்தான். ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் கதை ஒரே மாதிரிதான் முடிகிறது. முதல் புத்தகம் ஓடிவிடும், இரண்டாவது தள்ளாடும், மூன்றாவது அலமாரியை விட்டே இறங்காது. ஜூன் மாதத்தில் தீர்ப்பும் தயாராக இருக்கும்: "இவனுக்கு வாசிப்புல ஆர்வமே இல்ல", அல்லது "எல்லாம் இந்த போனால வந்தது." இரண்டு தீர்ப்பையுமே என்னால் ஏற்க முடிந்ததில்லை. முதல் புத்தகத்தை ஆறு நாளில் முடித்த பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று எப்படிச் சொல்வது? போன் முதல் வாரத்திலும் அதே மேசைமேல்தானே கிடந்தது?

பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி விடுமுறையில் தேதியையும் பக்க எண்ணையும் மட்டும் குறித்துவைக்கும் ஒரு நோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திங்கள் 22, செவ்வாய் 41, புதன் 58, வியாழன் 90, வெள்ளி 131, சனி 154, முற்றும். வியாழனும் வெள்ளியும் எண்கள் எகிறுவதைக் கவனியுங்கள், கதை பிடித்துவிட்டது. அதற்கடுத்த வரி பன்னிரண்டு நாள் கழித்து வருகிறது: புதிய புத்தகம், பக்கம் 9. மறுநாள் 14. அதோடு சரி, நோட்டில் வேறொன்றும் இல்லை. இதை "இரண்டாவது புத்தகம் பிடிக்கவில்லை" என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். நான் அந்தப் பன்னிரண்டு நாளைத்தான் பார்க்கிறேன். சனிக்கிழமை புத்தகம் முடிந்தபோது கையெட்டும் தூரத்தில் இன்னொன்று இல்லை. ஞாயிறு கடந்தது. வாரநாளில் யாருக்கும் நூலகம் போக ஒழியவில்லை. அடுத்த வாரம் யாரோ ஒன்றை எடுத்துவந்து கொடுத்தபோது, வெள்ளிக்கிழமை இரவு விளக்கை அணைக்க மாட்டேன் என்று அடம்பிடித்த அந்த வேகம் ஆறிப்போயிருந்தது. விடுமுறை வாசிப்பு அறுந்துபோவது அநேகமாக எந்தப் புத்தகத்துக்குள்ளும் இல்லை. இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த வெற்று நாட்களில்தான் அது அறுகிறது.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். எட்டு வயதுவரை பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறோம், புத்தகம் மெலிது, ஒரே மூச்சில் முடிந்துவிடும். நேற்று விட்ட இடம் என்ற பேச்சே கிடையாது. பதினொன்றில் புத்தகம் தடிக்கிறது, எழுத்து சிறுக்கிறது, கதை நான்கு பேரின் பார்வையில் மாறி மாறிப் போகிறது, சொல்லாமல் விட்டதை ஊகிக்கவேண்டி இருக்கிறது. ஒரு புத்தகத்தை ஒன்றரை வாரம் மனதில் சுமந்து திரியும் பழக்கம் அந்த வயதில்தான் தொடங்குகிறது. சரியாக அதே நேரத்தில்தான், "பெரிய பிள்ளை ஆயிட்டான், அவனே படிச்சுப்பான்" என்று நாம் கையைக் கழுவிக்கொள்கிறோம்.

ஒரு பழைய ஆய்வும் அதில் எல்லோரும் எண்ணுகிற எண்ணும்

விடுமுறையில் கற்றது மறந்துபோகும் என்ற பயத்துக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பு பின்வாங்குகிறது, கணக்கில் அது இன்னும் அதிகம், வாசிப்பில் மட்டும் குடும்ப வசதியைப் பொறுத்து மாறுகிறது என்றார்கள். 2019-இல் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் இந்த முடிவுகளையே சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார். பழைய தேர்வுகளுக்கு மதிப்பெண் கணக்கிட்ட முறையே இவற்றில் சிலவற்றை உண்டாக்கியிருக்கலாம், புதிய தேர்வுகளை வைத்துப் பார்த்தால் அதே படம் வரவில்லை என்பது அவர் வாதம். ஆகவே "படிக்கலன்னா எல்லாம் மறந்துடும்" என்று பிள்ளையை மிரட்ட வேண்டாம். அது அவ்வளவு உறுதியான செய்தி இல்லை, உறுதியாகவே இருந்தாலும் மிரட்டிப் படிக்கவைத்த கதைப் புத்தகம் யாருக்குப் பிடித்திருக்கிறது?

எனக்கு அதைவிட உறுத்துகிற ஆய்வு 1988-இல் வந்தது. ரிச்சர்ட் ஆண்டர்சன், பால் வில்சன், லிண்டா ஃபீல்டிங் மூவரும் 155 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை, பள்ளிக்கு வெளியே எதில் எத்தனை நிமிடம் செலவாகிறது என்று தினமும் எழுதச் சொன்னார்கள். புத்தகம் வாசித்த நேரத்தைப் பொறுத்தவரை வரிசையின் நட்டநடுவில் நின்ற பிள்ளைக்கு நாளொன்றுக்கு 4.6 நிமிடம். மேல் பத்து சதவீதத்தின் வாசலில் நின்ற பிள்ளைக்கு 21.1 நிமிடம். ஓராண்டுக்குச் சொற்களாக்கினால் முன்னதற்கு சுமார் 2,82,000, பின்னதற்கு 18 லட்சத்துக்கும் மேல். நிறையப் படிக்கிற பிள்ளை என்று நாம் வியக்கிற பிள்ளைக்கும் சாதாரணப் பிள்ளைக்கும் நடுவில் இருப்பது தினம் கால் மணி நேரம்தான். நாளுக்கு மூன்று மணி நேரம் படிக்கும் பிள்ளையை உருவாக்கும் வேலை இது இல்லை. அந்தக் கால் மணி நேரம் நாள் தவறாமல் நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

இனி இதில் திருப்பமான ஆய்வுக்கு வருகிறேன். ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் குழு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வறுமை மிகுந்த 17 பள்ளிகளில் செய்து 2010-இல் வெளியிட்டது. 852 பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று கோடைகளில், கோடைக்கு 12 புத்தகம் வீதம் கொடுத்தார்கள், 478 பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. மூன்றாம் கோடைக்குப் பின் புத்தகம் பெற்றவர்கள் வாசிப்பில் முந்தியிருந்தார்கள். முன்னேற்றம் மலையளவு இல்லை, ஆனால் கோடைக்கால வகுப்புகளால் கிடைக்கும் பலனோடு ஒப்பிடத்தக்கது என்றார்கள் ஆய்வாளர்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் தொடங்கிய சின்னப் பிள்ளைகள் அவர்கள், அதையும் மறக்கக்கூடாது. இந்த ஆய்வு காதில் விழுந்ததும் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொள்வது 12 என்ற எண். "ஆக, பன்னிரண்டு புத்தகம் படிக்கணும்" என்று உடனே பட்டியல் போட உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள், அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனிப்பார்கள். அதுவும் முக்கியம்தான். யாரும் அதிகம் பேசாத மூன்றாவது விஷயம் ஒன்று இருக்கிறது: விடுமுறை தொடங்கும்போதே பன்னிரண்டும் பிள்ளையின் வீட்டில் இருந்தன. ஒன்றை முடித்த அன்றே கை நீட்டினால் அடுத்தது. பன்னிரண்டில் ஐந்தை அந்தப் பிள்ளை தொடாமலே விட்டிருந்தாலும் இடைவெளி என்ற ஒன்று ஏற்பட்டிருக்காது. ஆய்வாளர்கள் இதைத் தனியே பிரித்து அளக்கவில்லை, இது என் வாசிப்பு. ஆனால் இந்தக் கோணத்தில் பார்க்கத் தொடங்கிய பிறகு, "என்ன புத்தகம்?" என்ற கேள்வியைவிட "அடுத்தது எங்கே இருக்கிறது?" என்ற கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் வேகம், பிறகு எண்ணிக்கை

எத்தனைப் புத்தகம் என்று முடிவு செய்யும் முன் பிள்ளையின் வேகம் தெரியவேண்டும். இதைச் செய்யாமல் பட்டியல் போடுவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி. செய்முறை எளிது. பிள்ளை ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில், முதல் பத்துப் பக்கத்தைத் தாண்டிய ஓரிடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்திலும் தொடக்கப் பக்கங்கள் மெதுவாகத்தான் போகும், பெயர்களும் இடமும் பழகவேண்டும் அல்லவா? பத்து நிமிடம் மனதுக்குள் வாசிக்கட்டும். கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளையின் கண்ணில் பட்டால் பந்தயமாகிவிடும். எத்தனைப் பக்கம் போயிற்று என்று பாருங்கள். வேறொரு நாள் இன்னொரு முறை செய்து, இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடத்தில் 7 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 நிமிடம் என்றால் 14 பக்கம். 168 பக்கப் புத்தகம் 12 நாள் ஓடும். விடுமுறை ஆறு வாரம், 42 நாள். அதில் ஊர்ப்பயணம், விருந்தாளி, காய்ச்சல், கல்யாணம், சும்மா இருக்கத் தோன்றிய நாள் என்று 12 நாளைக் கழித்துவிடுங்கள், கழித்துத்தான் ஆகவேண்டும். 30 நாள், 420 பக்கம். அதாவது இரண்டரைப் புத்தகம். இந்தப் பிள்ளைக்குப் பத்துப் புத்தகப் பட்டியலைக் கொடுத்தால் எட்டுப் புத்தகத்தில் தோற்றவன் என்ற பெயரோடுதான் பள்ளிக்குத் திரும்புவான், நன்றாகப் படித்த பிறகும். கதை பிடித்துவிட்டால் 20 நிமிடம் 50 நிமிடமாகும், கணக்கு தலைகீழாகும். ஆகட்டும். குறைத்துப் போட்ட கணக்கைப் பிள்ளை மிஞ்சினால் யாருக்கும் நட்டமில்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். நூலகத்தில் இரண்டு வாரத் தவணை, புத்தகமோ 12 நாள் ஓடும் என்றால், எடுத்த ஓரிரு நாளுக்குள் தொடங்காவிட்டால் முடியாது. ஒரே நாளில் மூன்று எடுத்துவந்தால் மூன்றாவது தொடங்கும் முன்பே தவணை வந்துவிடும். புதுப்பிக்க முடியுமா, எத்தனை முறை முடியும் என்று முதல் நாளே கேட்டுவைப்பது நல்லது. முடியாதென்றால் தவணையில்லாத புத்தகம் ஒன்று, சொந்தமானதோ நண்பர் வீட்டிலிருந்து வந்ததோ, எப்போதும் வீட்டில் இருக்கவேண்டும். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கும் அடுத்தமுறை போகும் நாளுக்கும் நடுவில் அது காப்பாற்றும்.

வரிசை கட்டுதல்

ஒரு புத்தகம் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் மூன்று காத்திருக்கவேண்டும், மூன்றும் மூன்று விதமாக. முதலாவது, இப்போது படிப்பதற்கு நெருங்கிய உறவு: அதே எழுத்தாளர், அல்லது அதே தொடரின் அடுத்த பாகம். தொடர்க் கதைகளைப் பெரியவர்கள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு, "ஒரே மாதிரி எழுதியிருக்கான்" என்று. ஒரே மாதிரி இருப்பதுதான் அதன் பலம். ஆட்களை ஏற்கெனவே தெரியும், இடம் தெரியும், நான் மேலே சொன்ன அந்த மெதுவான முதல் பத்துப் பக்கம் இதில் கிடையாது. இரண்டாவது, மெலிந்த புத்தகம், 70 பக்கத்துக்குள். ஐந்து நாளில் முடியும். தடியான ஒன்றை முடித்து மூச்சு வாங்கும்போதோ பாதியில் ஒன்றைக் கைவிட்டுக் கொஞ்சம் மனம் சோர்ந்திருக்கும்போதோ இதுதான் கை கொடுக்கும். மூன்றாவது, கதையே இல்லாத ஒன்று: பூச்சிகள், விண்வெளி, கால்பந்து, பழைய ரயில்கள், மின்சுற்று, எதுவாகவும் இருக்கலாம். எங்கே வேண்டுமானாலும் திறந்து எங்கே வேண்டுமானாலும் மூடலாம். கதைப் புத்தகம் படிக்க மனமில்லாத நாளிலும் இது திறக்கும்.

மூன்றையும் தேர்ந்தெடுப்பது பிள்ளை. உங்கள் வேலை எட்டோ பத்தோ புத்தகங்களை அதன் முன்னால் பரப்புவது, பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது. பின்னட்டையை வாசிக்கட்டும், நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டட்டும். ஒரு புத்தகத்தை அட்டைப் படத்துக்காக எடுத்தாலும் எடுக்கட்டும், நாமும் அப்படித்தானே எடுக்கிறோம்?

அடுத்தது எது என்று முடிவாகவேண்டிய நேரமும் ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். புத்தகம் முடிந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிட்டது. கால்வாசி மிச்சமிருக்கும்போது கேட்கவேண்டும். 168 பக்கம் என்றால் 126-ஆம் பக்கத்தில். ஒரு துண்டுக் காகிதத்தில் "அடுத்தது என்ன?" என்று எழுதி அந்தப் பக்கத்தில் முன்கூட்டியே செருகிவிடுங்கள். பிள்ளை அங்கே வந்து சேரும்போது கதை கொதித்துக்கொண்டிருக்கும், படிக்கும் ஆசை உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் எடுத்துவைக்கும் புத்தகம், முடித்த பிறகு அலுப்பில் எடுப்பதைவிட நன்றாகவே அமையும். எடுத்த புத்தகம் அலமாரிக்குப் போகக்கூடாது. இப்போது படிப்பதன் அடியிலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக, படுக்கைப் பக்கத்தில் கிடக்கட்டும். முடித்த புத்தகத்தைத் தூக்கினால் அடுத்ததன் அட்டை கண்ணில் படவேண்டும். கேலியாகத் தோன்றலாம், ஆனால் அந்தப் பன்னிரண்டு நாள் இடைவெளியை அடைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கைவிட உரிமை, அதற்கொரு கணக்கு

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட அனுமதிக்கலாமா என்பது நிரந்தரச் சண்டை. அனுமதிக்கவேண்டும். விடவும் முடியாமல் படிக்கவும் பிடிக்காமல் ஒரு புத்தகம் மேசைமேல் கிடந்தால், அது வரிசையையே அடைத்துக்கொண்டு நிற்கும். "அதை முடிச்சுட்டு இதை எடு" என்ற ஒரு வாக்கியம் மூன்று வாரத்தை விழுங்கிவிடும். ஆனால் நான்காம் பக்கத்தில் தூக்கிப்போடுவதும் சரியில்லை. 30 பக்கம், குறைந்தது இரண்டு தனித்தனி நாட்களில் வாசித்தது, இதுதான் வரம்பு. ஒரே நாளில் 30 பக்கம் படித்து வெறுத்தது அன்றைய மனநிலையாகவும் இருக்கலாம். அதைத் தாண்டியும் பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

அடுத்தடுத்து மூன்று புத்தகம் இப்படி விழுந்தால் மட்டும் நின்று பார்க்கவேண்டும். இனி அது ரசனைப் பிரச்சினை இல்லை. ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எம்மெட் பெட்ஸ் என்பவர் 1946-இல் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 100 சொல்லில் ஒன்றில் மட்டும் தடுக்கினால் தனியாகப் படிக்கலாம், ஐந்தில் தடுக்கினால் யாராவது துணையிருக்கவேண்டும், பத்துக்கு மேல் போனால் புத்தகம் பிள்ளையை விரட்டிவிடும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கி, ஐந்தும் மடங்கினால் புத்தகத்தை வை என்று சொல்லும் விரல் கணக்கும் இதன் உறவுதான். இவை ஆங்கிலத்துக்கு வகுத்தவை. தமிழில் அப்படியே போட்டால் கணக்கு பிசகும். ஆங்கிலம் நான்கைந்து சொல்லில் சொல்வதை நாம் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம், ஆகவே 100 தமிழ்ச் சொல் என்பது நீண்ட தூரம். நான் 50 சொல்லோடு நிறுத்துவேன். அதில் மூன்றுக்கு மேல் தடுக்கினால் கவனிக்கவேண்டும்.

தடுக்கியது எப்படிப்பட்ட சொல் என்பதையும் பார்க்கவேண்டும். "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்ற சொல்லில் ஒரு பிள்ளை மூன்று முறை தடுமாறுகிறது என்றால், அதற்குச் சொல் தெரியாது என்று அர்த்தமில்லை. பின்பாதியை விரலால் மறையுங்கள். "வந்துகொண்டு" வரும். விரலை நகர்த்துங்கள், "இருந்தவர்களுக்கு" வரும், பிறகு "எல்லாம்". பிள்ளை சிரித்துவிடும், இவ்வளவுதானா என்று. இது தெரியாத சொல் இல்லை, நீளத்தின் மிரட்டல். நாள் பத்து நிமிடம் வீதம் இரண்டு வாரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பத்தியாக மாற்றி மாற்றி வாசித்தால் இது பெருமளவு தீரும். மறைத்துக் காட்டியும் பொருள் தெரியவில்லை என்றால்தான் புத்தகம் கடினம். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் மூன்றாவது வகை ஒன்றும் வரும்: வாசிக்கவும் முடிகிறது, பொருளும் தெரிகிறது, ஆனால் எழுத்துத் தமிழின் நடை அந்நியமாக இருக்கிறது. அவர்களுக்கு உரையாடல் நிறைந்த, பேச்சு வழக்கில் ஆட்கள் பேசிக்கொள்ளும் கதைகளில் தொடங்கினால் போதும். வர்ணனை கனத்த புத்தகம் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும்.

ஆனால் இந்த அளவுகோலையெல்லாம் ஒரே அடியில் ஆட்டிப்பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியைக் கொடுத்து, அதை நினைவிலிருந்து நடித்துக் காட்டவும் சொல்லவும் வைத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை மிஞ்சிவிட்டார்கள். வாசிப்பு மட்டம் என்று பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவைக்க எதுவும் இல்லை, அது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும் என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் வேண்டாம். மூன்று கதைகளைக் கைவிட்ட பையனுக்கு நான்காவதாக இன்னும் எளிதான கதையைத் தேடாதீர்கள். அவனுக்கு நம்மைவிட அதிகம் தெரிந்த விஷயம் எது என்று பார்த்து, அதில் கொஞ்சம் கடினமான புத்தகமாகவே கொடுங்கள்.

முடிவில் காத்திருக்கும் தாள்

பல பிள்ளைகளுக்கு ஒரு வினோதமான வழக்கம் இருக்கும். 150 பக்கம் படித்துவிட்டு, கடைசிப் பத்துப் பக்கத்தை நாள்கணக்கில் தொடாமல் வைத்திருப்பார்கள். கதை முடிந்துவிடுமே என்ற ஏக்கத்தில் அப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் பாதிப்பேர் விஷயத்தில் காரணம் வேறு. புத்தகம் முடிந்ததும் சுருக்கம் எழுதவேண்டும், ஐந்து புதிய சொல்லுக்குப் பொருள் எழுதவேண்டும், பிடித்த பாத்திரத்தைப் படம் வரையவேண்டும். முடிக்காதவரை அதெல்லாம் இல்லை. பன்னிரண்டு வயதுக்கு இந்தத் தர்க்கம் நன்றாகவே விளங்கும். நாம் புத்தகங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அடைக்கப் பார்க்கிறோம், இந்த ஒர்க் ஷீட் அங்கேயே ஒரு சுங்கச்சாவடி கட்டி உட்கார்ந்துகொள்கிறது. எழுதத்தான் வேண்டும் என்றால் நான் மேலே சொன்ன நோட்டு போதும், தேதியும் பக்க எண்ணும். எண்கள் எகிறும் இடம், படுத்துவிடும் இடம், வெற்றாகக் கிடக்கும் நாட்கள் எல்லாம் அதில் தெரியும். ஆயிரம் சொல் சுருக்கத்தில் தெரியாது.

பேச்சும் அப்படித்தான். முடிந்த பிறகு நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"என்னடா, முடிச்சிட்டியா?"

"ம்."

"என்ன கதை, சொல்லு."

"ஒரு பையன். காணாமப் போன அண்ணனத் தேடுறான்."

"அப்புறம்?"

"கெடச்சிடுறான்."

"சரி, இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?"

பதில் வராது, வராமல் இருப்பதே நியாயம். அதே பையனிடம் நடுவில், 80-ஆம் பக்கத்தில் இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். "எங்கடா இருக்கான் இப்போ?" "கெணத்துக்குள்ள." "கெணத்துக்குள்ளயா? அங்க எப்படிப் போனான்?" இதற்கு மட்டும் பத்து நிமிடம் பதில் வரும், கையைக் காலை ஆட்டி. கதை நடந்துகொண்டிருக்கிறது, முடிவு அவனுக்கும் தெரியாது, நீங்கள் சோதிக்கவில்லை, உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும். ஜேம்ஸ் கிம், தாமஸ் ஒயிட் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடையில் வெறும் புத்தகம் மட்டும் கொடுத்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. விடுமுறைக்கு முன் ஆசிரியர் வாசிக்கும் முறையைப் பழக்கி, விடுமுறையில் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. வீட்டில் அந்த ஒருவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை.

பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தகத்துக்கு இவ்வளவு என்று காசோ நட்சத்திரமோ வைத்தால், முதல் வாரம் எண்ணிக்கை ஏறும். பிறகு பிள்ளை மெலிந்த புத்தகமாகத் தேடத் தொடங்கும், பக்கம் தாண்டும். மார்க் லெப்பர் குழு 1973-இல் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளிடம் பார்த்தது இதுதான்: வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள், பிறகு சும்மா விட்டபோது முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை. ஆகவே பரிசு கொடுத்தே தீரவேண்டும் என்றால் சொல்லாமல் கொடுங்கள், அதுவும் அடுத்த புத்தகமாக இருந்தால் நம் வரிசையிலும் ஒன்று கூடும்.

காமிக்ஸ், காது, திரை

காமிக்ஸும் கிராஃபிக் நாவலும் வாசிப்பில் சேருமா? சேரும். வரிசையில் மெலிந்த புத்தகத்தின் இடத்தை அவை தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் ஒன்றை மட்டும் எடுத்துவருவது இடைவெளிக்கு அழைப்பு, நாலைந்தாக எடுங்கள். ஆடியோ புத்தகத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: முதல் இரண்டு அத்தியாயத்தைக் காதால் கேட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து புத்தகத்தைக் கையில் எடுப்பது. பெயர்களும் இடமும் பழகும் அந்த மந்தமான பகுதி காதுவழி கடந்துவிடும்.

திரையில் வாசிப்பது பற்றி 2018-இல் பாப்லோ டெல்காடோ குழு 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, மொத்தம் 1,70,000 பேருக்கு மேல். காகிதத்தில் வாசித்தவர்களுக்குப் புரிதல் கொஞ்சம் கூடுதல், ஆனால் அந்த வித்தியாசம் தகவல் சார்ந்த எழுத்தில்தான் தெரிந்தது, கதையில் தெரியவில்லை. ஆகவே கதையை டேப்லெட்டில் படித்தால் குடி முழுகிவிடாது. பூச்சிகளைப் பற்றிய புத்தகம் தாளில் இருக்கட்டும். போனில் படிப்பதில் எனக்கிருக்கும் ஒரே மனக்குறை புரிதல் பற்றியதில்லை. 20 நிமிடத்தில் எத்தனை அறிவிப்பு வந்து குதிக்கிறது என்பதுதான்.

பள்ளி கொடுத்த புத்தகம்

சில பள்ளிகள் விடுமுறைக்கு ஒரு புத்தகத்தைக் கட்டாயமாக்கும். வழக்கமாக அது கடைசி வாரத்துக்குத் தள்ளப்படும், கண்ணீரோடு முடியும். அதை முதலிலும் வைக்கக்கூடாது, விடுமுறையின் வாசலிலேயே பள்ளி வந்து நின்றால் பிள்ளை வீட்டுக்குள்ளேயே வராது. இரண்டாவதாக வையுங்கள், சொந்தத் தேர்வு ஒன்றை முடித்த வேகத்தோடு. பக்கத்தை நாளால் வகுத்துவிடுங்கள்: 140 பக்கம், நாளுக்கு 10 என்றால் 14 நாள். மிச்ச நேரத்துக்கு இன்னொரு சொந்தப் புத்தகம் பக்கத்திலேயே ஓடட்டும். ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம் படித்தால் குழப்பம் வரும் என்ற அச்சம் வேண்டாம். நான்கு தொடர்களை ஒரே வாரத்தில் பார்க்கிற பிள்ளைக்கு இரண்டு கதையைப் பிரித்துவைக்கத் தெரியும்.

விடுமுறையின் கடைசி வாரத்தில் பெற்றோர் எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிடுவார்கள். நூலகப் புத்தகங்கள் திரும்பிப் போகும், மேசை துடைக்கப்படும், புதிய நோட்டுகளுக்கு அட்டை போடும் வேலை தொடங்கும். அந்தக் கோடையின் ஆக நீளமான இடைவெளி அன்றைக்குத்தான் தொடங்குகிறது, அடுத்த விடுமுறைவரை அது நீளவும் நீளலாம். பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது புதிதாக ஒன்றைத் தொடங்கவைத்துவிடுங்கள். 42 பக்கம் வந்திருக்கும், யார் கிணற்றுக்குள் விழுந்தார்கள் என்பது தெரிந்திருக்கும், எப்படி வெளியே வரப்போகிறார்கள் என்பது தெரிந்திருக்காது. முதல் நாள் காலை பை கட்டும்போது அது பாடப் புத்தகங்களோடு சேர்ந்து உள்ளே போகட்டும், 126-ஆம் பக்கத்துத் துண்டுக் காகிதத்தோடு.